கொள்ளாததைக் கேட்ட சார்

எழுதத் தெரியாமல் எழுதுகிறேன், மன்னிக்கணும். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் கிளாஸ் வரைதான் எனக்குப் படிப்பு. அதுக்குப் பிறகு நான் எழுதினது எல்லாம் பலசரக்குக் கடைச் சீட்டும், சபையில் கொடுக்கிற ஜெப விண்ணப்பமும்தான். ஓர்மையும் பழையபடி இல்லை. காலையில் மருந்து குடித்தேனா என்று மருமகளிடம் கேட்கிற ஆள் நான். வாசகசாலை மலருக்கு மறக்க முடியாத ஒருவரைப் பற்றி எழுதித் தரணும் என்று செக்ரட்டரி வீட்டுக்கு வந்து சொன்னார். நான் எங்க பாஸ்டரைப் பற்றி எழுதுவேன் என்று அவர் நினைத்திருப்பார். நான் எழுதுவது ஒரு சர்க்கார் ஆபீசரைப் பற்றி. அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. சார் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம்.

சார் என்றதும் ஆண் என்று எண்ண வேண்டாம். கேரளத்துத் தெற்கு எல்லையில் உள்ள எங்க ஊரில் டீச்சரும் ஆபீசரும் பெண்ணானாலும் சார்தான். ஐம்பது வயதை ஒட்டிய மெலிந்த பெண். வடக்கே எங்கேயோ உள்ளவர். மலையாளம் பேசுவார், எங்களுக்காக அதில் கொஞ்சம் தமிழைக் குழைத்துக்கொள்வார். தொழில் ஆபீசில் வேலை. நெய்யாற்றின்கரையில் பஸ் ஏறி, உதியன்குளங்கரையில் இறங்கி, நரைத்த கறுப்புக் குடையோடு நடந்து வருவார். ஜீப் உண்டு அவருக்கு. ஜீப் எப்போதும் வேறு யாருக்கோ தேவைப்பட்டது.

தொண்ணூறுகளில் சர்க்கார் எங்க பக்கத்து மரச்சீனி விளை, மரவள்ளித் தோட்டம், ஒன்றை எடுத்து, மூன்று ஷெட் போட்டு, தொழிற்பேட்டை என்று பெயரும் வைத்தது. போர்டு ஷெட்டைவிடப் பெரிது. முதல் ஷெட்டில் நாங்கள் பதினாலு பெண்கள், பெண்கள் சொசைட்டி. தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியைச் சின்ன உருளையில் சுற்றிக் காயில் என்கிற கம்பிச்சுருள் உண்டாக்குவது எங்க ஜோலி. ஒரு காயிலுக்கு அறுநூறு சுற்று. ஒன்றும் கூடக் கூடாது, குறையவும் கூடாது. இரண்டாம் ஷெட்டில் பெங்களூரில் ஜோலி விட்டு வந்த ஒரு எஞ்சினியர். எங்க காயிலை வைத்து ஒரு பெட்டி செய்தார். ஊர் ஊருக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வந்த காலம் அது. கரண்டு போனாலும் எக்ஸ்சேஞ்ச் சாகாமல் இருக்க அந்தப் பெட்டி. மூன்றாம் ஷெட்டில் ஒரு பூட்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த ஜோலிக்கு வருமுன்னே நான் அண்டி ஆபீசில் இருந்தேன். முந்திரிக் கொட்டையை உடைக்கிற இடம். அந்தப் பால் பட்டு விரல் எல்லாம் வெந்து கறுத்திருக்கும். சபையில் திருவிருந்துக்குக் கை நீட்டவே எனக்கு வெட்கம். கம்பி சுற்ற வந்த பிறகுதான் விரலுக்குத் தோல் வந்தது. அதனால் அந்த ஷெட் பூட்டிப் போனால் எனக்கு என்ன ஆகும் என்று நினைப்பு வரும்போதெல்லாம் நான் முதலில் விரலைத்தான் பார்ப்பேன்.

பெரிய ஆட்கள் பார்வையிட வந்தால் செய்ய வேண்டியது எங்களுக்கு மனப்பாடம். வாசலில் குலைவாழை. உள்ளே கண்ணாடி அலமாரி, அதில் சிவப்பு வெல்வெட்டில் எட்டுக் காயில். அந்த எட்டும் நாங்கள் சுற்றியது இல்லை, மாதிரிக்கு என்று வெளியே இருந்து வந்தவை. வருகிறவர்கள் அந்த எட்டையும் பார்த்து, "கொள்ளாம், கொள்ளாம்" என்பார்கள். கருக்கு, இளநீர்தான், வெட்டிக் கொடுப்போம், குடிப்பார்கள். சொந்தக் கையால் நோட்டில் வாழ்த்தி எழுதுவார்கள். பெண்கள் முன்னேறிவிட்டதாக அந்த நோட்டில் பல இடத்தில் உண்டு.

சார் முதல் தடவை வந்த அன்று நல்ல மழை. கருக்கு வேண்டாம் என்றார். வெல்வெட்டைக் குனிந்து பார்த்தார்.

"இது கொள்ளாம். கொள்ளாதது எங்கே?"

எங்க பக்கத்தில் கொள்ளாம் என்றால் நல்லது, கொள்ளாதது என்றால் கெட்டுப்போனது. அப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. சொசைட்டி பிரசிடென்ட் சரசம்மா முன்னால் வந்தாள். நான் ஆள்களுக்குப் பின்னால் நிற்கிறவள், அவள் முன்னால் நிற்கிறவள்.

"கொள்ளாதது ஒண்ணும் கிடையாது சாரே."

"ஒண்ணும்?"

"ஒண்ணுமே கிடையாது."

"அப்போ நீங்க ஜோலி செய்யல்ல," என்றார் சார். "செய்தா வரும்."

பிறகு கால் கழுவ வேண்டும் என்று பின்பக்கம் போனார். போகவிட்டிருக்கக் கூடாது. கெட்டுப்போன காயிலை எல்லாம் நாங்கள் தென்னை மூட்டில்தான் மண்ணுக்குள் குழிச்சிட்டிருந்தோம். அன்றைக்கு மழை மண்ணை அரித்துவிட்டது. தென்னந்தடம் முழுக்கச் செம்பு பளபளவென்று.

"சரசம்மே, தெங்குக்குச் செம்புக் கம்பி வளமாக்குமா?"

சரசம்மா இமைக்கவில்லை. "வண்டு வராது சாரே."

சார் சிரிக்கவில்லை. குடை முனையால் தோண்டி ஒவ்வொன்றாக எடுத்தார். கழுவினார். உள்ளே கொண்டுவந்து மேசையில் வரிசையாக வைத்தார், வெல்வெட்டுக்கு நேர் எதிரே. "இதாக்கும் உங்க பாடப்புத்தகம். இதை யாராவது குழிச்சிடுமா?"

அன்று முதல் கெட்டுப்போன காயில் ஒவ்வொன்றிலும் சுற்றினவள் பெயரை எழுதிச் சீட்டுக் கட்ட வேண்டும். சார் வந்தால் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போவார். மற்ற ஆபீசர்களின் பையில் ஃபைல் இருக்கும். சாரின் பையில் அமரவிளை முதல் பாறசாலை வரை உள்ள ஷெட்டுகளில் கெட்டுப்போனது எல்லாம் இருக்கும். வளைந்த ஸ்பிரிங், விரிந்த பிளாஸ்டிக் மூடி, எரிந்த சர்க்கியூட். ஒருதடவை பஸ்ஸில் சில்லறை தேடி அவர் எடுத்துப்போட்ட சாமானைப் பார்த்துக் கண்டக்டர், "அம்மை ஆக்கர் கடையோ?" என்று கேட்டாராம். பழைய இரும்புக் கடையா என்று. "அதுபோல ஒண்ணு," என்றாராம் சார்.

எஞ்சினியருக்கும் சாருக்கும் ஓயாத சண்டை. எஞ்சினியருக்கு ஷெட் கொடுத்தது சார். உட்கார மேசை இல்லை என்றதும் தொழில் ஆபீசில் இருந்து ஒரு மேசையை வண்டியில் ஏற்றி அனுப்பியதும் சார். சர்க்கார் மேசை, காலில் வெள்ளைப் பெயின்டில் நம்பர் உண்டு. அவருடைய முதல் பெட்டியைத் திருவனந்தபுரத்தில் சர்க்கார் சோதனைச் சாலைக்கு மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டு போனதும் சார்தான். அதுக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொன்னார்களாம். பெட்டி தோற்றுத் திரும்பி வந்தது. மறுபடியும் மடியில். மூன்று தடவை தோற்று நாலாம் தடவை ஜெயித்தது. அதன் பிறகு டெலிபோன்காரர்கள் முதல் ஆர்டர் கொடுத்தார்கள், முந்நூறு பெட்டி.

ஆர்டர் வந்த அன்று எஞ்சினியர் லட்டு கொண்டு வந்தார். சார் லட்டை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"ரெண்டு வருஷம் சர்க்கார் வாங்கும். அதுக்குள்ள சர்க்கார் அல்லாத்த ஒருத்தன், உன்னை முன்பின் அறியாத்தவன், இதைக் கேட்டு வாங்கணும். இல்லெங்கில் ஷெட்டை நான் பூட்டுவேன்."

"சாரே, இது பிள்ளைக்குச் சோறு போட்டுட்டு, தின்னுறதை எண்ணுறது போல உண்டு."

"பிள்ளைன்னா எண்ண மாட்டேன். நீ கம்பெனியாக்கும்."

எனக்கு அது மனசுக்கு வலித்தது. கொடுக்கிறது எதுக்கு, கொடுத்த கையாலே மிரட்டுகிறது எதுக்கு என்று தோன்றியது. சரசம்மாவிடம் சொன்னேன். அவள், "பிள்ளே, கொடுத்துட்டு ஒண்ணும் கேக்காம போனதைப் பாக்கணுமா? வா," என்று மூன்றாம் ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தோம். உள்ளே ஆள் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி. அது ஒரு ரோடு காண்டிராக்டரின் ஷெட். எந்தக் கட்சி ஜெயித்தாலும் முதல் மாலை அவருடையது. பெட்டிக்குள் இருந்தது வெளிநாட்டில் இருந்து சர்க்கார் உதவியோடு வந்த கம்பி சுற்றுகிற மெஷின். தானே சுற்றும், தானே எண்ணும். வந்த நாள் முதல் பெட்டியைத் திறந்ததே இல்லை. வருஷத்துக்கு ஒருதடவை ஆயுதபூஜைக்குக் காண்டிராக்டர் வருவார். பெட்டிக்குச் சந்தனம் தொட்டு, பூமாலை போட்டு, அவலும் பொரியும் எல்லாருக்கும் கொடுத்து, பூட்டிவிட்டுப் போவார். கிறிஸ்தவளானாலும் நானும் பொரி தின்றிருக்கிறேன்.

இந்தப் பக்கம் எங்க ஷெட்டில் கையால் சுற்றுகிற மெஷின். அதில் சுற்றை எண்ணுகிற கருவி ஒவ்வொன்றாய்க் கெட்டது. விலை குறைவு என்று டெண்டரில் எடுத்ததாம். மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். மின்விசிறி வேண்டுமானால் தரலாம், எண்ணுகிற கருவிக்கு விதியில் இடம் இல்லை என்று பதில் வந்தது. அதனால் எல்லாரும் அவரவருக்குத் தெரிந்தபடி எண்ணினோம். சரசம்மா பகவதிக்க நூற்றெட்டு நாமம் அஞ்சு தடவையும் பின்னே அறுபதும் சொல்வாள், கணக்கு அறுநூறு. அவளுக்குத் தப்பாது. எனக்கு எண்ணினால் இருநூறில் தூக்கம் வரும். நான் மனசுக்குள் கீர்த்தனை பாடுவேன். கை ஒரே வேகத்தில் சுற்றும். ஒரு பாட்டு முழுசும் பாடி முடித்தால் இருநூறு. மூன்று தடவை பாடினால் காயில் தீர்ந்தது. மாசக்கணக்கில் அப்படிச் சுற்றினேன், என் பெயரில் சீட்டு மிகக் குறைவு. எங்க சபைப் பெண்கள் ஐந்து பேர் என்னைப் பார்த்து அதே பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு பங்குனியில் டெம்போ ஒன்று வந்து நின்றது. நிறையப் பெட்டி, நாங்கள் அனுப்பியவை. எக்ஸ்சேஞ்சுகளில் வைத்த இடத்தில் உள்ளே எரிந்துபோய்த் திரும்பி வந்திருக்கிறது. எஞ்சினியர் ஒரு பெட்டியைப் பிரித்து, எங்க காயிலை எடுத்து, எங்க வாசலில் நின்று பேசினார்.

"பதினாலு பேரும் சேர்ந்து என்னைக் கொன்னுட்டீங்க. ஆர்டரை நிறுத்தப் போறாங்களாம். ஷெட் எல்லாத்தையும் திருப்பி எடுப்பாங்களாம். சந்தோஷமா?"

"எலே, மரியாதைக்குப் பேசணும்," என்றாள் சரசம்மா. ஆனால் அவள் குரலிலும் பலம் இல்லை. நான் என் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் சார் வந்தார். ஆர்டரைப் பற்றிப் பேசவில்லை. "கொள்ளாததை எடு," என்றார். எரிந்த காயிலை எல்லாம் மேசையில் பரப்பி, உருளையின் அடியில் சுற்றினவள் எழுதும் பெயரையும் தேதியையும் பார்த்துச் சீட்டுக் கட்டிப் பிரித்தார். ஒரு பக்கம் எட்டுப் பேருடையது, அதில் ஒன்றிரண்டுதான். இன்னொரு பக்கம் குவியல். என் பெயர், பின்னே எங்க சபைப் பெண்கள் ஐந்து பேர் பெயர்.

"எப்போ முதல்?" என்று கேட்டார். தேதியைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"மோளே, நீ எப்படி எண்ணுவே?"

நான் பின்னால் நகர்ந்தேன். சரசம்மாதான் சொன்னாள், "அவ பாடுவா சாரே."

"பாடு."

எஞ்சினியர் நிற்கிறார், மற்றவர்கள் எல்லாம் நிற்கிறார்கள். சபையில்கூட நான் வாயசைப்பேன், சத்தம் வராது. சார் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் மெஷின் கைப்பிடிக்கு நேரே உட்கார்ந்தார். "எனக்கு மட்டும் கேட்டால் போதும்," என்றார். நான் சுற்றிக்கொண்டே பாடினேன். அவர் விரல் விட்டு எண்ணி, ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். மூன்று தடவையும் பாடி முடிந்தது. அறுநூற்று எழுபத்திரண்டு.

"இது துக்கப் பாட்டுபோல உண்டே. எப்பவும் இதையா பாடுவே?"

"இல்ல சாரே. இது லெந்து காலமாக்கும். இப்போ மற்றதைப் பாடக் கூடாது."

சார் கோடு போட்ட தாளைத் திரும்பவும் பார்த்தார். சிலுவைப்பாடுகளை நினைக்கிற நாற்பது நாளில் பாட்டை இழுத்துத்தானே பாடுவோம். பாட்டு மெதுவானது, கை மெதுவாகவில்லை. சுற்று கூடியது, பெட்டி எரிந்தது. எங்க ஊர் பக்தி டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வரை போய்விட்டது.

நான் அழுதேன். ஜோலி போச்சு என்று அழுதேன். அவர் திட்டுவார் என்று எல்லாரும் காத்து நின்றார்கள். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, "இவ தப்பில்ல. எண்ண ஒரு சாதனம் கொடுக்காம எண்ணச் சொன்னது யாரு? அந்தக் கொள்ளாதது எங்க ஆபீசாக்கும். அதுக்குத்தான் சீட்டுக் கட்ட ஆள் இல்ல," என்றார். நான் அப்போது பாடிச் சுற்றிய காயிலை எடுத்து, என் பெயரில் சீட்டுக் கட்டிப் பையில் போட்டார். பிறகு வாசலுக்குப் போய் மூன்றாம் ஷெட்டின் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வாரமே சார் சர்க்கார் உத்தரவோடு வந்தார். ஒரு வருஷத்துக்குள் ஓட்டாத மெஷினைச் சர்க்கார் திருப்பி எடுக்கலாம் என்று காண்டிராக்டர் கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருந்ததாம். சார் மூன்று நோட்டீஸ் ஏற்கனவே அனுப்பியிருக்கிறார். எங்களுக்குத் தெரியவில்லை. காண்டிராக்டர் காரில் வந்து இறங்கினார்.

"சாரே, பெட்டியைத் திறந்தா அதுக்க ஐசுவரியம் போகும்."

"ஓடாத மெஷினுக்கு என்ன ஐசுவரியம்?"

"எனக்க ஆளு யாருன்னு அறியுமா?"

"அறியும். அவங்களும் இந்தப் பெட்டிக்குப் பொட்டு வெச்சுட்டுப் போனவங்கதான்."

பெட்டியைத் திறந்தோம். அவல்பொரி உள்ளேயும் விழுந்து எறும்பு பிடித்திருந்தது. மெஷினை எங்க ஷெட்டுக்கு உருட்டிக் கொண்டுவந்தோம். எஞ்சினியர் இரண்டு நாள் கூடவே இருந்து ஓடவைத்தார். திரும்பி வந்த பெட்டிக்கு எல்லாம் புதுக் காயில் சுற்றினோம். நான் பாடாமல் சுற்றிய முதல் நாள் அது, என்னவோ போல் இருந்தது. டெலிபோன்காரர்கள் ஆர்டரை நிறுத்தவில்லை. இரண்டு வருஷம் முடிய இரண்டு மாசம் இருக்கும்போது கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி, யாரும் சொல்லாமல், அந்தப் பெட்டியைக் கேட்டுக் கடிதம் எழுதியது. எஞ்சினியர் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு தொழில் ஆபீசுக்கு ஓடினார்.

சார் அங்கே இல்லை. அதுக்கு முந்தின வாரமே காசர்கோட்டுக்கு மாற்றிவிட்டார்கள். கேரளத்தின் இந்த முனையில் இருந்து அந்த முனைக்கு.

போகும் முன்னே எங்களைப் பார்க்க வந்தார், எஞ்சினியர் அந்த வாரம் ஊரில் இல்லை. பாயசம் வைத்திருந்தோம். ஒரு கிளாஸ் குடித்தார், அவர் எங்க ஷெட்டில் குடித்த ஒரே பொருள் அது. அன்றைக்கும் கேட்டார், "கொள்ளாதது உண்டா?" மூன்று இருந்தது, கொடுத்தோம். பையைத் திறந்து பழையது ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். என் பெயர்ச் சீட்டோடு அந்த லெந்துக் காயில். "இது உனக்கு," என்றார். குடையை விரித்து நடந்துவிட்டார்.

இதுக்கு மேலே உள்ளது எல்லாருக்கும் தெரியும். எஞ்சினியருக்க கம்பெனி வளர்ந்தது. வெளிநாட்டுக்கெல்லாம் பெட்டி போகிறது. சில வருஷம் முன்னே திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கட்டடம் திறந்தார்கள். பழைய ஆட்கள் என்று எங்களில் மிச்சம் இருந்த ஆறு பேரைப் பஸ் விட்டுக் கூட்டிப் போனார்கள். நல்ல மரியாதை, நல்ல சாப்பாடு, பொய் சொல்லக் கூடாது.

வாசலில் ஒரு கல். அதில் பதினொரு பெயர், எல்லாம் ஆண்கள் பெயர். ஆரம்பம் முதல் துணை நின்றவர்கள் என்று காண்டிராக்டர் பெயரும் உண்டு. உள்ளே கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு மேசை, மேலே விளக்கு. அந்த மேசையில்தான் எல்லாம் தொடங்கியது என்று எழுதி வைத்திருந்தார்கள். நான் குனிந்து பார்த்தேன். காலில் வெள்ளைப் பெயின்டில் நம்பர் அப்படியே இருந்தது.

மேடையில் எஞ்சினியர் பேசினார். முடி நரைத்திருந்தது. "ஒரு மேசை, ஒரு நாற்காலி. யாருடைய தயவும் இல்லாமல் தொடங்கினேன். சர்க்கார் ஒதுங்கி நின்றால் போதும், தொழில் தானாக வளரும்." எல்லாரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து தட்டினவர்களில் பாதிப் பேர் சர்க்கார் ஆட்கள். சரசம்மா இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள். அவள் இறந்து அப்போது ஒரு வருஷம்.

பிறகு பழைய தொழிலாளிகள் ஒரு வார்த்தை பேசலாம் என்று மைக்கை வரிசையாகக் கொடுத்தார்கள். அது என்னிடம் வந்தது. சாரைப் பற்றிச் சொல்லணும் என்று இருந்தது. மேசைக்க காலைப் பாருங்க என்று சொல்லணும். நான் "நன்றி" என்று சொல்லிவிட்டு மைக்கைப் பக்கத்தில் கொடுத்தேன். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மைக் அது ஒன்றுதான். அன்றைக்குச் சொல்லாததுக்குத்தான் இன்றைக்கு இவ்வளவு எழுதியது.

செக்ரட்டரி சாருக்கு ஒரு அபேட்சை. நான் எழுதினதில் சரிபார்க்க நிறைய உண்டு. சாரின் பெயர் என்ன, காசர்கோட்டிலேயே பென்ஷன் ஆனாரா, இப்போது உண்டா இல்லையா என்று பழைய ஆபீசில் யாராவது கேட்டுச் சொல்லணும். சுற்று அறுநூற்று எழுபத்திரண்டுதானா, அதுக்கும் சந்தேகம் உண்டு. அந்தக் காயிலை இத்தோடு ஒரு மருந்துக் கவரில் வைத்துக் கொடுத்துவிடுகிறேன். கம்பியைப் பிரித்து எண்ணத் தெரிந்தவர்கள் யாராவது எண்ணிப் பார்க்கணும். அதுபோலவே இந்த எழுத்தையும். கொள்ளாம் என்று மட்டும் சொல்லி அனுப்ப வேண்டாம். கொள்ளாதது எங்கே உண்டோ அங்கே என் பெயரை எழுதி ஒரு சீட்டுக் கட்டித் திருப்பி அனுப்பணும்.